என் பெயருக்கு விழுந்த டிராயர்

அறுபதைத் தாண்டிய என் செட்டுக்காரர்களே, அலமாரிக்குள் எத்தனை டிராயர் வேண்டும் என்று உங்களை யாராவது கேட்டதுண்டா? என்னைப் போன வாரம் கேட்டார்கள். நம் காலத்தில் யார் நம்மிடம் கருத்துக் கேட்டார்கள்? சோறு இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் அதுவே பெரிது.

மகள் பொன்னேரியில் வீடு கட்டியிருக்கிறாள். கீழே எனக்கென்று ஒரு அறை. அலமாரி வேலைக்கு வந்த ஆள் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். "மேல சின்ன டிராயர் ஒண்ணு, மாத்திரை கண்ணாடி வச்சிக்க. நடுவுல புடவைக்கு. கீழ ஆழமா ஒண்ணு. லேசா தள்ளினா போதும்மா, தானா மூடிக்கும். நடு டிராயருக்கு பூட்டு வச்சித் தரவா?" என்றார்.

"டிராயரே வேணாம்பா. வெறும் தட்டு போடு. கதவும் வேணாம்" என்றேன்.

"தூசு படியும்மா" என்றாள் மகள்.

"படியட்டும். தொடச்சிக்கிறேன்."

அவளுக்குக் கோபம். இவ்வளவு செலவு செய்து ஆசையாகச் செய்கிறோம், கிழவிக்கு எதிலும் ஒரு முரண்டு என்று முகத்தில் எழுதியிருந்தது. காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. அவளுக்கு அவள் தாத்தா, என்னைப் பெற்ற நைனா என்றால் உயிர். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அந்தப் படத்தைத் துடைக்காமல் அவள் வேலைக்குக் கிளம்ப மாட்டாள். அவளிடம் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எட்டாவது படித்தேன். எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மணல் திட்டில். பாலம் வராத காலம். பள்ளிக்கூடத்து டீச்சர்கூட தினமும் அக்கரையிலிருந்து படகில்தான் வருவார்.

அந்த ஆவணி மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு மரப் பீரோ வந்தது. பழவேற்காட்டில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் மெட்ராசுக்குக் குடிபோகும்போது அதை நைனாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நைனா பல வருஷமாக அவர் வீட்டுக்கு நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடுத்தவர். படகில் அதைப் படுக்கவைத்தால் கண்ணாடி உடையும் என்று நிற்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நான்கு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க, கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடியில் வெயில் பட்டு, ஏரி முழுக்கப் பளிச் பளிச் என்று அடித்தது. யாரோ அதிகாரி வருகிறார் என்று நினைத்து எங்கள் குப்பத்துத் தலைவர் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார்.

கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. குறுக்கே ஒரு கம்பி, அந்துருண்டை வாசனை, அவ்வளவுதான். அந்த வீட்டில் கோட்டும் அங்கியும் தொங்கவிட்டிருப்பார்கள் போல. எங்களிடம் தொங்கவிட என்ன இருந்தது? இருந்த துணியெல்லாம் கொடியில் கிடந்தது.

உள்ளே என்ன செய்வது என்று ஒரு மாதம் பஞ்சாயத்து நடந்தது. அம்மா, "தட்டு அடிச்சா பித்தளச் சாமான வச்சிக்கலாம்" என்றாள். அண்ணனுக்கு அப்போது இருபது வயது. அவனிடம் ஒரே ஒரு டெரிலின் சட்டை இருந்தது. அதற்காகக் கம்பியை எடுக்கக் கூடாது என்றான். "ஒரு சட்டைக்கு ஒரு பீரோவா, தொரை?" என்று அம்மா கேட்டாள்.

நான் டிராயர் கேட்டேன். டீச்சர் மேசையில் ஒரு டிராயர் இருந்தது. இழுத்தால் சாக்பீஸ் வாசனையோடு வரும். உள்ளே பேனா, முத்திரை, மிட்டாய் டப்பா எல்லாம் தனித்தனியாக இருக்கும். டீச்சரைக் கேட்காமல் யாரும் அதில் கை வைக்க முடியாது. எங்கள் வீட்டில் கேட்காமல் கை வைக்க முடியாத இடம் என்று எனக்கு ஒன்றும் இல்லை. என் ரிப்பனை எடுத்து அண்ணன் தூண்டில் பெட்டியைக் கட்டுவான். என் நோட்டைக் கிழித்து அம்மா கருவாடு மடிப்பாள். அதனால்தான் டிராயர் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

நைனாவுக்கு நான் சொன்னது பிடித்துவிட்டது. "டிராயர்னா டிராயரு. மூணு போட்டுடு" என்று ஓடாவியிடம் சொன்னார். ஓடாவி என்றால் படகு கட்டுகிற தச்சர். எங்கள் திட்டில் வேறு தச்சர் கிடையாது. அவர் வாழ்நாளில் ஒரு ஸ்டூல்கூடச் செய்ததில்லை. படகுக்கு எப்படிப் பலகை சேர்ப்பாரோ அப்படியே டிராயருக்கும் சேர்த்தார். ஒரு தாள் நுழைகிற இடைவெளிகூட இல்லாமல் இறுக்கமாக. "பாரு, ஒரு ஆணி கெடையாது. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கொளுவுனதுதான்" என்று பீரோவைத் தட்டித் தட்டிக் காட்டினார். வெயில் அடித்தவரை டிராயர்கள் அருமையாகத்தான் ஓடின. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஆழமாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பலகை.

எது யாருக்கு என்பதில் மறுபடி சண்டை. அப்போது நைனா சொன்னார், "சீட்டுக் குலுக்கிடலாம்" என்று.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு எடுப்பார்கள். கல்யாணமான ஆண்கள் பெயர் மட்டும்தான் அதில் இருக்கும். சீட்டில் விழுந்த இடம் விழுந்ததுதான். கூடப் பிறந்தவனே ஆனாலும் இன்னொருத்தன் பாட்டில் வலையை நனைக்க மாட்டான். நனைத்தால் ஊர் நடுவில் நிற்கவைப்பார்கள். குலுக்குகிற சட்டியை எப்போதும் நைனா கையில்தான் கொடுப்பார்கள். அவர் கை அவ்வளவு சுத்தம் என்று பெயர்.

அந்தச் சட்டியையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். நானே மூன்று சீட்டு எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்று சிரித்தார்கள். "இன்னா நைனா, பொம்பளைங்களுக்கும் பாடா?" என்று ஒருவர் கேட்டார். "எங்க வூட்ல அப்பிடித்தான்" என்றார் நைனா. சின்னவள் என்று என்னை முதலில் எடுக்கச் சொன்னார். எனக்கு நடு டிராயர் விழுந்தது. அண்ணனுக்கு மேல் டிராயர், அம்மாவுக்கு அடி டிராயர். "எனக்கு எதுக்கு? படகு கீது" என்று நைனா ஒதுங்கிக்கொண்டார். பிறகு எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னார், "நடு டிராயரு என் பொண்ணு பாடு. இனிமே அதுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. நானும் வைக்க மாட்டேன்."

எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ரிப்பன், நோட்டு, ஊசி நூல், ஒரு உடைந்த பேனா, சங்கு ஓடு நான்கு, டீச்சர் கொடுத்த பழைய காலண்டர் படம். இவற்றை ஒரு நாளைக்குப் பத்து முறை எடுத்து அடுக்குவேன். சொன்ன சொல்லை எல்லோரும் காப்பாற்றினார்கள். வீட்டில் எது காணாமல் போனாலும் என் டிராயரில் மட்டும் தேட மாட்டார்கள். அம்மா ஊசி வேண்டுமென்றால்கூட என்னைக் கூப்பிட்டு, "உன் டிராயர்லேந்து குடுடி" என்பாள்.

அந்த வருஷம் டீச்சர் என்னை ஒரு உதவித்தொகைப் பரீட்சைக்கு எழுதிப் போட்டிருந்தார். தேறினால் பொன்னேரியில் ஹாஸ்டலில் தங்கி மேலே படிக்கலாம், எல்லாம் இலவசம். தேறாவிட்டால் எட்டாவதோடு சரி. எங்கள் குப்பத்தில் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் எட்டாவதோடு சரிதான். பிறகு இறால் உரிக்க வேண்டும், கூடை தூக்க வேண்டும். அதிலிருந்து தப்பிக்க எனக்கு இருந்தது அந்த ஒரு பரீட்சைதான். நைனா ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். நான்தான் அந்த விரலைத் துடைத்துவிட்டேன்.

கார்த்திகையில் ஹால் டிக்கெட் வந்தது. "நானே வச்சிருக்கட்டுமா? பரீட்சை அன்னிக்குக் கையில தர்றேன்" என்று டீச்சர் கேட்டார்.

"வேணாம் டீச்சர். என் டிராயர்ல வச்சிக்கிறேன். அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றேன்.

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? இப்போது நினைத்தாலும் அந்தப் பெண்ணை இழுத்து ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை பரீட்சை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கூரை ஓரமெல்லாம் ஒழுகியது, உப்பு ஜாடி தண்ணீராகியது, கொடியில் போட்ட துணி நான்கு நாளாகியும் காயாமல் முடை நாற்றம் அடித்தது. வியாழக்கிழமை காலையில் ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்க்கலாம் என்று போனேன். டிராயர் வரவில்லை. மேல் டிராயரும் அடி டிராயரும்கூட இறுக்கமாகத்தான் இருந்தன. ஆனால் முட்டி மோதி இழுத்தால் வந்தன. என்னுடையது அசையவே இல்லை.

நான் போட்ட கூச்சலில் எல்லோரும் வந்தார்கள். அண்ணன் இழுத்தான். அம்மா விளிம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டாள். நைனா பீரோவில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, பிடியில் கயிற்றைக் கட்டி இழுத்தார். கயிறு அறுந்து பின்னால் போய் விழுந்தார். எனக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு எழுந்துபோய்க் கோடாலியை எடுத்து வந்தார். "உடைச்சிடட்டுமா கண்ணு? உன்னுது, நீ சொல்லு" என்றார்.

அதற்குள் ஓடாவி வந்துவிட்டார். அவர் செய்த பொருளில் கோடாலி விழப்போகிறது என்றால் சும்மா இருப்பாரா? "இன்னா நைனா, பேஜாரு பண்ற? பலக ஊறிக்கினு கீது. ஒரு வெயிலு அடிச்சா வழிக்கு வந்துடும். நாளைக்குப் பாரு, நானே தொறந்து தர்றேன்" என்றார். நைனா என்னைப் பார்த்தார். நான், "நாளைக்குப் பாக்கலாம் நைனா" என்றேன். எனக்கும் டிராயரை உடைக்க மனமில்லை. இரண்டு நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வெயில் அடிக்கவில்லை. மதியம் நான் நைனாவைத் தேடினேன். அன்று அவர் பாடு முறை. மழைத் தண்ணீருக்கு இறால் குவியும் நேரம், வருஷத்துக்கே அதுதான் வரும்படி. அவரும் அண்ணனும் ஏரிக்குப் போய்விட்டார்கள், விடிந்துதான் வருவார்கள். ஓடாவி அக்கரையில் ஒரு படகு வேலைக்குப் போயிருந்தார். கோடாலியை நானே எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆம்பள இல்லாத வூட்ல பொருள உடைக்காதடி. காலையில நைனா வந்து உடைச்சிக் குடுப்பாரு. ஒயுங்கா போய்ப் படி" என்றாள். அம்மாவின் கை இரும்பு போல இருந்தது.

காலையில் டீச்சர் குடையோடு எங்கள் கரையில் வந்து நின்றார். அக்கரை போய் பஸ் பிடிக்க அவர் வந்த படகை விட்டால் வேறு கிடையாது. நைனாவின் படகு இன்னும் வரவில்லை. நான் வெறும் கையோடு ஓடினேன். "டிராயர் திறக்கல டீச்சர்" என்றேன். "திறக்கலியா? பயமா இருக்குன்னா நேரா சொல்லியிருக்கலாம். உனக்காக எத்தனை பேருகிட்ட நின்னேன் தெரியுமா?" என்றார். படகு கிளம்பிவிட்டது. நான் பயந்து ஒளித்துவிட்டேன் என்றே அவர் கடைசிவரை நம்பினார். அந்த வருஷம் முடியும்வரை என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. மாற்றலாகிப் போகும்போதும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நல்ல டீச்சர்தான். ஆனால் அவர் என்னை நம்பாதது இன்னும் வலிக்கிறது.

நைனா வந்து விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ வியாழக்கெழமையே உடைன்னு சொல்லியிருந்தா உடைச்சிருப்பேனே கண்ணு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான்தான் அவரைத் தேற்றினேன். தப்பு என்னுடையது, நான்தான் நாளைக்கு என்றேன், ஓடாவி பலகையை இறுக்கமாகச் சேர்த்துவிட்டார், மழை பெய்துவிட்டது. ஊரில் இருந்த எல்லார் மேலும் கோபப்பட்டேன், மழைமேலும் கோபப்பட்டேன். நைனாமேல் மட்டும் படவில்லை.

தை பிறந்தது. வெயில் ஏறியது. மேல் டிராயரும் அடி டிராயரும் பழையபடி ஓட ஆரம்பித்தன. என்னுடையது அப்படியே இருந்தது. ஹால் டிக்கெட்டால் இனி பயனில்லை என்றாலும் என் சங்கும் ரிப்பனும் உள்ளே இருந்தனவே. மாசியில் ஒரு நாள் கரையில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த ஓடாவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அவர் இழுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பிறகு அண்ணனுடைய மேல் டிராயரை முழுவதுமாக வெளியே உருவி வைத்துவிட்டு, அந்தப் பொந்துக்குள் தலையை விட்டார். "இன்னாது இது? நான் ஒரு ஆணிகூட அடிக்கலியே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். இரண்டு டிராயருக்கும் நடுவில் இருந்த பலகையில் ஒரு பெரிய ஆணி. படகுக்கு அடிக்கிற சதுரத் தலை ஆணி. அது பலகையைத் துளைத்துக்கொண்டு என் டிராயரின் முகப்பில் இறங்கியிருந்தது. ஓடாவி திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா முறத்தில் இருந்த இறாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குறடால் ஆணியைப் பிடுங்கினார். டிராயர் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆணியை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மாதிரி ஆணி எங்கள் வீட்டில் நைனாவின் பெட்டியில் மட்டும்தான் இருந்தது.

"யாரும்மா அடிச்சது?" என்றேன்.

"உள்ள எல்லாம் கீதா பாரு, எதுனா கொறஞ்சிருக்கா?" என்றாள் அம்மா.

"யாரு அடிச்சதும்மா?"

அவள் இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "அண்ணனுக்கு தோணிரேவு குப்பத்துல பொண்ணு பேசிக்கினு கீறோம். அவங்க பையனுக்கு உன்னக் கேக்குறாங்க. பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குற எடம். நீ ஹாஸ்டலுக்குப் போயிட்டா அவங்க குடுப்பாங்களா? கல்யாணம் ஆவலன்னா அண்ணன் பேரு பாட்டுல ஏறுமா? உன் நைனா இன்னா பண்ணுவாரு, நீயே சொல்லு."

அப்படியென்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுடைய டிராயரை உருவினால்தான் அங்கே ஆணி அடிக்க முடியும். தேங்காய் எண்ணெய், கயிறு, கோடாலி எல்லாமே தெரிந்துகொண்டு செய்தது. நான் அன்று "உடை" என்று சொல்லியிருந்தால் நைனா உடைத்திருப்பாரா? உடைத்திருப்பார் என்று சில நாள் தோன்றுகிறது. என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததால்தான் கேட்டார் என்று பல நாள் தோன்றுகிறது.

கரைக்குப் போனேன். நைனா வலையைப் பரப்பி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். "நைனா, என் டிராயருக்கு ஆணி அடிச்சியா?" என்று கேட்டேன்.

அவர் பதறவில்லை. பொய்யும் சொல்லவில்லை. "உன் டிராயர்ல நான் கை வச்சனா கண்ணு? ஒரு பொருளு எடுத்தனா? ஊரு முன்னால சொன்னேன், வைக்கல. அது இன்னிக்கும் உன்னுதுதான்" என்றார்.

"ஏரியில ஒருத்தரு பாட்டுக்குப் போற தண்ணில, குறுக்கால ஒருத்தன் வலய கட்டி எறாவ வரவுடாம பண்ணா, குத்தமில்லியா?"

"குத்தந்தான். ஊரு நடுவுல நிக்க வைப்பாங்க."

"அப்ப நீ பண்ணது?"

நைனா நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். குழந்தை ஏதோ மழலை பேசினால் சிரிப்போமே, அந்த மாதிரி ஆசையாகச் சிரித்தார்.

"அது பாடு கண்ணு. இது டிராயரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சட்டி, சீட்டு, வாசலில் நின்ற கூட்டம், எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை எல்லாம் ஒரு சின்னப் பெண்ணைக் குஷிப்படுத்தச் செய்த விளையாட்டு. ஊரே அதை விளையாட்டாகத்தான் பார்த்திருக்கிறது. நிஜம் என்று நம்பியது நான் ஒருத்திதான். அவர் என்னை வெறுத்துச் செய்திருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். என்மேல் அவ்வளவு பிரியம் வைத்துக்கொண்டே செய்தார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது. நான் தோணிரேவுக்குப் போனேன், அந்த வீட்டுப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் பெயர் பாட்டில் ஏறியது. அவனுக்கு முதல் சீட்டிலேயே ஏரியின் நல்ல இடம் விழுந்ததாம். முதல் நாள் பட்ட இறாலில் ஒரு கூடையை நைனாவே தலையில் சுமந்து வந்து என் புகுந்த வீட்டில் இறக்கினார். "உனக்குன்னு பொறுக்கி எடுத்தாந்தேன் கண்ணு" என்றார். விரல் பருமன், உயிர் போகாமல் கூடைக்குள் துள்ளிக்கொண்டிருந்தன. மாமியார் பூரித்துப் போனாள். நான் உட்கார்ந்து உரித்தேன், மிளகாய் அரைத்தேன், குழம்பு வைத்தேன், நைனாவுக்கு இலை போட்டுப் பரிமாறினேன். அவர் போனபிறகு நானும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.